படகுவீட்டில் நள்ளிரவில் ஒலித்த பெட்டி: கார்பன் மோனாக்சைடு அலாரத்துடன் ஓராண்டு

மதுரையில் 27 ஆண்டுகளாக ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுவருகிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பொதுக்கூட்டம் என்று எங்கெல்லாம் இரவில் விளக்கு எரிய வேண்டுமோ அங்கெல்லாம் என் வண்டி நின்றிருக்கிறது. புகையின் நிறத்தைப் பார்த்தே இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடுவேன். வெள்ளைப் புகைக்கு ஒரு காரணம், கறுப்புப் புகைக்கு ஒரு காரணம், நீலப் புகைக்கு ஒரு காரணம். அதே குழாயிலிருந்து நிறமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வருகிறது என்பதைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர, அதற்காக ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வைத்தவள் என் மகள்.

போன ஆண்டு ஜனவரியில் குடும்பத்தோடு ஆலப்புழைக்குப் போய்ப் படகுவீட்டில் ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்தோம். மகள் செவிலியராக வேலை பார்க்கிறாள். அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வர முடியாதவளுக்குப் படகின் படங்களையாவது காட்டலாம் என்று கைபேசியை நீட்டினேன். மூங்கில் வளைத்த கூரை, மூன்று ஏ.சி. அறைகள், முன்தளத்தில் சாய்வு நாற்காலிகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, இதில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காயலுக்கு நடுவே மின்கம்பம் கிடையாது. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஏ.சி. உண்டு என்று படகுக்காரர் சொன்னால், அந்த ஒன்பது மணி நேரமும் படகிலேயே ஜெனரேட்டர் ஓடும் என்று பொருள். வாழ்நாள் முழுக்க ஜெனரேட்டரோடு கிடக்கும் நான், என் வீட்டார் தூங்கப்போகும் அறைக்கு அதன் புகைக்குழாய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று விசாரிக்கவே இல்லை. கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியை நாம் எல்லாரும் தினசரிகளில் படித்திருக்கிறோம். அவர்களைக் கொன்ற அதே வாயுதான் ஜெனரேட்டர் குழாயிலும் வருகிறது என்றாள் மகள். "ஒரு அலாரம் வாங்கிக்கொண்டு போங்கள், அப்பா" என்று அவள் சொன்னதை நான் தட்டவில்லை.

மதுரைக்காரர்களுக்குத் தண்ணீரையும் புகையையும் சேர்த்து நினைக்கும் பழக்கம் இல்லை. தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் வலம் வரும் தெப்பத்தைக் கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். கொடைக்கானல் ஏரியில் துடுப்பும் மிதி படகும்தான். படகு என்றால் நமக்குத் தெரிந்த ஒரே பயம் கவிழ்ந்துவிடுமோ என்பதுதான். அது நியாயமான பயம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உயிர்காப்பு அங்கி எங்கே என்று நாமே கேட்கப் பழகியிருக்கிறோம். புகைக்குழாய் எங்கே என்று கேட்க இன்னும் பழகவில்லை.

அலாரத்துக்காக டவுன்ஹால் ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆறு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் தீ விபத்துக்கான புகை அலாரத்தை எடுத்து நீட்டினார்கள். அது புகையிலுள்ள துகள்களைக் கண்டு ஒலிப்பது. கார்பன் மோனாக்சைடு வெறும் வாயு, அது அந்தக் கருவிக்குத் தெரியாது. இரண்டு கடைகளில் சமையல் எரிவாயுக் கசிவு அலாரத்தைக் காட்டினார்கள். "அண்ணே, எல்லா கேஸுக்கும் இது ஒன்றே போதும்" என்றார் கடைத் தம்பி ஒருவர். போதாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால் அந்த அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்டுவார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே உள்ளது. அறை முழுக்கச் சீராகக் கலந்து நிற்கும். தலையணை உயரத்திலும் அதே அளவு இருக்கும். ஒன்றுக்கு வாங்கிய அலாரம் இன்னொன்றுக்கு உதவாது. தெரியாமல் வாங்கி மாட்டிவிட்டுக் காப்பு இருக்கிறது என்று நிம்மதியாகப் படுப்பது, அலாரமே இல்லாமல் விழிப்பாக இருப்பதைவிட மோசம். ஆறாவது கடையில் அப்படி ஒரு பொருளைத் தாங்கள் வைப்பதே இல்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள்.

ஆகவே இணையத்தில் வாங்கினேன். முதலில் 780 ரூபாய்க்கு ஒன்று. அதன்பின் 4,200 ரூபாய்க்கு இன்னொன்று. இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. மலிவானதைப் போன்ற பெட்டியே நாலைந்து பெயர்களில் விற்பதைப் பார்த்தேன்; இன்று நான் ஒரு பெயரைச் சொன்னால் நாளை அதே பெட்டி வேறு பெயரில் வரும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பெட்டியின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணை. ஐரோப்பியத் தரம் என்றால் ஈ.என். 50291, அமெரிக்கத் தரம் என்றால் யூ.எல். 2034. ஐரோப்பியத் தரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி வீடுகளுக்கு. இரண்டாவது பகுதி, அதாவது 50291-2, படகுகளுக்கும் தங்கும் வசதியுள்ள ஊர்திகளுக்கும் உரியது. குலுக்கலையும் அதிர்வையும் தாங்குகிறதா என்று சோதித்த பிறகே அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். நான் வாங்கிய 4,200 ரூபாய்ப் பெட்டியில் இரண்டு எண்களும் இருந்தன. 780 ரூபாய்ப் பெட்டியில் எந்தத் தரத்தின் எண்ணும் இல்லை, சென்சாரின் ஆயுள் எத்தனை ஆண்டு என்ற தேதியும் இல்லை.

இரண்டையும் என் பட்டறை முற்றத்தில் சோதித்தேன். இதை நீங்கள் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகைக்குழாய் முன்னால் வைத்தால் சென்சார் கெட்டுப்போகலாம், செய்கிறவருக்கும் ஆபத்து. சோதிப்பதற்கென்றே அளவாக வாயு அடைத்த சிறிய குப்பிகள் விற்கின்றன. நான் தொழில்காரன் என்பதால், திறந்தவெளியில், காற்று வரும் திசையில் விலகி நின்று செய்தேன். 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை ஓடவிட்டு, குழாயிலிருந்து நாலடி தள்ளி ஒரு முக்காலியில் இரண்டையும் வைத்தேன். விலை கூடிய பெட்டியின் எண் மளமளவென்று ஏறி 300ஐத் தாண்டியது. மூன்று நிமிடம் ஆவதற்குள் அலறியது. தரமும் அதைத்தான் கேட்கிறது: பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு, அதாவது 300 பி.பி.எம். இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். மலிவான பெட்டி அதே முக்காலியில் பக்கத்திலேயே இருந்தது. அதன் திரையில் மூன்று சுழிகள், அதாவது பூஜ்யங்கள். பத்து நிமிடம் கழித்து 35 என்று காட்டியது, பிறகு மறுபடியும் சுழிக்குப் போனது. ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் தெருவே கேட்கும்படி கத்தியது. அந்தப் பொத்தான் சோதிப்பது ஒலிப்பானையும் மின்சுற்றையும்தான்; சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு "நன்றாக வேலை செய்கிறது" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. அவர்கள் வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

மலிவானதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நல்லதை என் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. இரண்டு சிறிய பேட்டரிகள். சென்சாருக்கு 7 ஆண்டு என்று முதுகில் தேதி இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகள், ஒரு எண் திரை, இதுவரை பதிவான உச்ச அளவைக் காட்ட ஒரு பொத்தான். எண் திரை இல்லாத பெட்டிகள் இதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தன. திரை இல்லாததை வாங்காதீர்கள். ஏன் என்பது இனிமேல் வருகிறது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினோம். நான், மனைவி, மனைவியின் தாயார், மைத்துனர், அவர் மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். மனைவியின் தாயாரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். அவருக்கு 71 வயது. தேக்கடியில் படகில் போனபோது பெட்டியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பக்கங்கள் திறந்த படகு, நல்ல காற்று. எண் சுழியிலேயே நின்றது.

ஆலப்புழையில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் படகு ஏறினோம். ஏறியதும் முதல் வேலையாகப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு படகை ஒரு சுற்றுச் சுற்றினேன். முன்தளத்தில் சுழி. நடு அறையில் சுழி. பின்பக்கம் சமையலறையில் 14. எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, கரிமீன் பொரிக்க அடுப்பும் எரிந்தது. படகு போகும்போது எஞ்சின் புகை பின்னோக்கித்தானே போகும், எப்படி உள்ளே வருகிறது என்று மைத்துனர் கேட்டார். பஸ்ஸின் பின்கதவு திறந்திருந்தால் சாலைப் புழுதி பின்வாசல் வழியாகவே உள்ளே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். முன்னே போகும் ஊர்தியின் முதுகில் காற்று சுழன்று உள்ளுக்குத் திரும்புகிறது; புகையையும் சேர்த்து இழுத்துவருகிறது. மெதுவாகப் போகும் படகில், பின்னாலிருந்து காற்றும் வீசினால், இன்னும் மோசம். படகின் முன்புறத்தைத் திரையிட்டு மூடிப் பின்புறத்தைத் திறந்துவைத்தால் அதைவிட மோசம். சமையல்காரரிடம் பக்கத்துச் சாளரங்களைத் திறந்து முன்கதவையும் திறந்துவிடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் திரை சுழிக்கு வந்தது. அந்த எண் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அவரும் நான் சொன்னதைக் கேட்டார். விளக்கு மட்டும் உள்ள பெட்டியாக இருந்தால் 14க்குப் பச்சையே எரிந்திருக்கும்.

மாலை ஐந்தரைக்குப் படகுகளைக் கரையில் கட்டிவிடுகிறார்கள். அதன்பின் காயல் வலை வீசுபவர்களுடையது. நெல்வயல் வரப்பை ஒட்டித் தென்னை மரங்களில் வடம் போட்டுக் கட்டினார்கள். சூரியன் இறங்கும்போது தண்ணீர் முழுக்கத் தங்கம் கரைந்ததுபோல இருந்தது. அத்தை முன்தளத்தில் உட்கார்ந்து, இதைப் பார்க்க அவர் இல்லையே என்று மாமாவை நினைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. எங்கள் படகினுடையது டீசல் செட், மூடிய உறைக்குள் பின்கோடியில் இருந்தது. குழாயின் வாய் அறைகளுக்கு எதிர்த்திசையில் தண்ணீரைப் பார்த்து இருந்தது. இதை நானே குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டேன். ஜெனரேட்டருக்கு மிக அருகிலுள்ள பின் அறை பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்ததால், அங்கேயே கட்டில் தலைமாட்டில் ஆணியில் பெட்டியை மாட்டினேன். மனைவியும் அத்தையும் அங்கே. அடுத்த அறையில் நான். முன் அறையில் மைத்துனர் குடும்பம். படுக்கும்போது திரையில் சுழி.

நான் பார்க்காதது ஒன்று இருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு படகு வந்து எங்கள் பின்பக்கத்தை ஒட்டிக் கட்டியது. ஒரே அறையுள்ள சிறிய படகு.

நள்ளிரவு தாண்டி ஒன்று ஐம்பதுக்குப் பெட்டி ஒலித்தது. நான்கு முறை அடித்து ஒரு நொடி நிற்கும், மறுபடியும் நான்கு. இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த பலகையைத் தாண்டி என்னை எழுப்பிவிட்டது. ஆனால் அதே அறையில், தலைக்கு மேலே அது ஒலித்துக்கொண்டிருந்தும் மனைவி எழவில்லை. கதவைத் தட்டித் தட்டி, நாலாவது ஐந்தாவது முறையில்தான் திறந்தார். "தலை கனக்கிறது, என்ன சத்தம் அது?" என்றார். திரையில் 64. அத்தை எழுந்து உட்கார முயன்று, முடியாமல், கட்டிலோரத்தில் வாந்தி எடுத்தார். அறையில் ஏ.சி.யின் குளிரும் பாய் வாசமும்தான் இருந்தன. என் மூக்குக்கு, 27 ஆண்டு புகை தின்ற மூக்குக்கு, ஒன்றும் தெரியவில்லை.

எல்லாரையும் முன்தளத்துக்குக் கொண்டுபோனோம். படகோட்டிகள் இருவரும் எழுந்து ஓடிவந்தார்கள். எங்கள் ஜெனரேட்டரை உடனே நிறுத்தினார்கள். எண் இறங்கவில்லை, 66 ஆனது. அங்கேதான் திரையின் அருமை தெரிந்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடு அறையில் 22. முன்தளத்தில் சில நிமிடங்களில் சுழி. பின் அறைச் சாளரத்துக்கு வெளியே போய் நின்றதும் 90. டார்ச் அடித்துப் பார்த்தால், பக்கத்துப் படகின் பின்தளத்தில் ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் நேராக எங்கள் சாளரத்தைப் பார்த்திருந்தது. இடைவெளி ஆறடிகூட இல்லை. எங்கள் படகோட்டி தாவிப்போய் அதை நிறுத்தினார். சாளரங்களையும் கதவுகளையும் திறந்துவைத்த பிறகு, அறையில் எண் சுழிக்கு வர 25 நிமிடம் ஆனது.

பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது என் தொழில். எரிபொருள் முழுதாக எரியக் காற்று போதாதபோதுதான் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. டீசல் எஞ்சின் வேண்டிய அளவுக்கு மேலேயே காற்றை உறிஞ்சி எரிப்பதால் அதில் இந்த வாயு குறைவு, இல்லாமல் இல்லை. பழைய செட், பராமரிக்காத செட் என்றால் கூடும். 2023 ஜூலை முதல் புதிய டீசல் செட்டுகளுக்கு சி.பி.சி.பி. 4 பிளஸ் என்ற கடுமையான புகை விதி வந்திருக்கிறது. ஆனால் படகுகளிலும் மண்டபங்களிலும் இன்றும் ஓடுபவற்றில் அதற்கு முந்தையவையே அதிகம். சிறிய பெட்ரோல் செட்டின் கதை வேறு. உங்கள் காரின் புகைக்குழாயில் இந்த வாயுவை மாற்றிவிடும் வினையூக்கி உண்டு. கையால் தூக்கும் ஜெனரேட்டரில் பெரும்பாலும் அது கிடையாது. கடைவாசலில் ஓடும் சின்னப் பெட்டிதானே என்று நாம் நினைப்பது, பல கார்களின் அளவுக்கு நஞ்சைக் கக்கிக்கொண்டிருக்கலாம்.

மகளுக்குப் போன் செய்தேன். நல்ல வேளையாக இரவுப் பணியில் இருந்தாள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அத்தையின் பையில் எப்போதும் இருக்கும். விரலில் மாட்டிப் பார்த்தேன், 98 என்று காட்டியது என்று ஆறுதலாகச் சொன்னேன். "அதை நம்பாதீர்கள், அப்பா" என்றாள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலியது. அது பற்றிக்கொண்ட ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் நிறைந்தது என்றே அந்தச் சிறிய கருவி எண்ணிக்கொள்ளும். உடம்பு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். விரலில் 98 ஒளிரும். வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் இருக்கும் இந்தக் காலத்தில் இதைத் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் விஷயம்.

விடிந்ததும் அத்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தபோது வாயுவின் அளவு குறைவாகவே இருந்தது. அப்படியானால் இது அதனால் வந்தது அல்லவோ என்று கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும்; தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆறு மணி நேரம் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்தவரின் ரத்தத்தில் இரவு எவ்வளவு இருந்தது என்று காலையில் தெரியாது. உங்கள் பெட்டி காட்டிய எண்ணைச் சொன்னது நல்லதாயிற்று என்றார். உச்ச அளவுப் பொத்தானை அழுத்தி அவரிடமே காட்டினேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, வெயில், தண்ணீர்ப் பயணத்துக் குமட்டல் என்று எத்தனையோ பெயர் சொல்லி இது போய்விடும். ஒரே இடத்தில் இருந்த இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், வெளிக்காற்றுக்குப் போனதும் குறைகிறது என்றால், இதைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் படகோட்டி, சில நாள் காலையில் விருந்தினர்கள் தலைவலி என்பார்கள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்திருந்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில், படகுவீட்டின் பின்தளத்தை ஒட்டி நீந்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், 11 வயதும் 8 வயதும், இந்த வாயுவால் இறந்தார்கள். மூடிய அறையில் இல்லை. திறந்த ஏரியில், பட்டப்பகலில். ஜெனரேட்டரின் புகை பின்தளத்துக்கு அடியில் வெளியேறுமாறு அந்தப் படகைக் கட்டியிருந்தார்கள்; தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலிருந்த பொந்தில் அது தேங்கி நின்றது. அதன்பின் அரசு ஆய்வாளர்கள் படகு படகாக அளந்தார்கள். படகு செய்பவர்கள் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி வைக்கத் தொடங்கினார்கள். எஞ்சின் ஓடும் படகின் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இழுபட்டுப் போகும் விளையாட்டை கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. அலாரம் ஒலித்த இரவுக்கு முந்தைய மாலை, படகைக் கட்டும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், மைத்துனர் பிள்ளைகள் இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானே அவர்களைப் படம் எடுத்தேன்.

பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். 10க்குக் கீழே எதையும் அது காட்டாது. சுழி என்றால் வாயு அறவே இல்லை என்று பொருள் அல்ல. நீண்ட நேரம் குறைவாகச் சுவாசிப்பதற்கு அது காவல் இல்லை. 50 பி.பி.எம். என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒலிக்காது, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒலிக்கும். தரமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. எண்ணெய் அடுப்புப் புகைக்கெல்லாம் கத்தி, வெறுத்துப்போய் நாம் பேட்டரியைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக. ஆரோக்கியமானவர்களை மனதில் வைத்த கணக்கு அது. கருவுற்றவர், கைக்குழந்தை, இதய நோயாளி, அத்தையைப் போன்ற முதியவர் இருக்கும் இடத்தில் ஒலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எண் சுழியை விட்டு எழுந்தாலே நாம் எழுந்துவிட வேண்டும். இதற்கும் திரை வேண்டும்.

தண்ணீர் பட்டால் தாங்காது. கையேட்டில் தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. படம் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு அட்டையாவது வைத்திருக்கலாம். பேட்டரி இறங்கினால் நிமிடத்துக்கு ஒரு தரம் சன்னமாகக் கூவும். அந்தக் கூவலை ஆபத்து ஒலி என்று நினைத்து மனைவி ஒரு நாள் எல்லாரையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். அவர் செய்தது சரி என்றே சொல்வேன்.

இன்னொன்று, கையேட்டில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் அதை மாட்டினேன். நீண்ட மின்வெட்டு முடிந்து பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏறிய ஒரு பிற்பகலில் 40 என்று காட்டி ஒலித்தது. வீட்டில் அடுப்புகூட எரியவில்லை. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். இந்த வகைச் சென்சார் அதையும் கார்பன் மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்கிறது. படகிலும் பேட்டரி இருக்கும். ஆகவே பேட்டரிப் பெட்டிக்கு மேலே மாட்டாமல், தூங்குபவரின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஆனால் ஒலித்தால், இது பேட்டரியாகத்தான் இருக்கும் என்று நீங்களாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். முதலில் வெளியே வாருங்கள், பிறகு காரணம் தேடலாம்.

பெட்டியோடு சேர்த்துப் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஜெனரேட்டர் டீசலா பெட்ரோலா, குழாயின் வாய் எந்தப் பக்கம், இரவில் வேறு படகு ஒட்டிக் கட்டுமா. இரண்டு படகுகளுக்கு நடுவே இருபதடியாவது இருக்கட்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் இந்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடியும் போனோம், வேறு படகில். அத்தையும் வந்தார். மூன்று பேரிடம் பேசினேன். இரண்டு பேர் என் கேள்வியைத் தொந்தரவாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் அன்று மாலையே குழாயைப் படம் எடுத்து அனுப்பினார். அவர் படகில்தான் தங்கினோம். இரவு முழுக்கச் சுழி.

அந்தப் பெட்டி இப்போது வீட்டில் இல்லை. படகிலிருந்து திரும்பிய மாதமே திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். என் 62.5 கே.வி.ஏ. செட்டை ஏற்றிய வண்டி மண்டபத்துச் சந்தில், சுவருக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. இரவில் வண்டியின் முன்அறையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேர் தூங்குவார்கள், கொசுவுக்குப் பயந்து. 27 ஆண்டுகளாக என் பையன்கள் அப்படித்தான் தூங்குகிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித் தூங்கியவன். பெட்டியை அங்கே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 32.

அதே பெட்டியில் இன்னும் மூன்று வாங்கினேன், வண்டிக்கு ஒன்றாக. ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். மாற்ற வேண்டிய ஆண்டை மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறேன். மண்டபத்துப் பந்தி அறையில் பையன்களுக்குப் பாயும் கொசுவலையும் வேண்டும் என்று வாடகைச் சீட்டிலேயே இப்போது ஒரு வரி சேர்த்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது மண்டபக்காரர்கள் அந்த வரியைக் காட்டி ஏன் என்று கேட்கிறார்கள். வண்டிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டியைக் காட்டுகிறேன்.